'நைசு' வந்த வழி



இன்றைய பொழிவுக்குரிய பொருள் ஓர் ஆங்கிலச் சொல். அடுக்களையிலும் துணிக்கடையிலும் தெருவிலும் தமிழர் வாயில் நாளும் புழங்கும் 'நைசு' என்பதே அது. அதன் பிறப்பை ஆராய்ந்தால் முதலில் நகை தோன்றும். பின்னர்க் கவலை தோன்றும்.

இலத்தீனத்தில் 'நெசுக்கியுசு' என்றொரு சொல் உண்டு. 'நெ' என்பது இன்மை. 'சுக்கீரே' என்பது அறிதல். ஆகவே, அறியாதவன் என்பது அதன் பொருள். அறிவியலைக் குறிக்கும் 'சயன்சு' என்னும் சொல்லும் இதே வேரினின்று கிளைத்ததுதான். ஒரு கிளை அறிவுக்குப் பெயராயிற்று. மறு கிளை அறியாமைக்குப் பெயராயிற்று. பழைய பிரெஞ்சிலும் அது பேதையையே குறித்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சே கோலோச்சியது. அவ்வாட்சியின் நிழலில் ஆங்கிலத்துட் புகுந்த எண்ணிறந்த சொற்களுள் இதுவும் ஒன்று. ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டில் ஒருவனை 'நைசு' என்றிருந்தால் அவன் அடிக்கவே வந்திருப்பான்!

பின்னர் அச்சொல் பல வேடம் பூண்டது. பேதைமை, எளிதில் மனநிறைவு கொள்ளாத தன்மை, மென்மை, நுண்மை, செப்பம் என்று அதன் பொருள் நழுவி நழுவிச் சென்றது. 1755-இல் வெளிவந்த சாமுவேல் சான்சனின் அகரமுதலி, நுணுகி ஆராயும் செப்பத்தையே அதன் பொருளாக முன்வைக்கிறது. இனியது, நல்லது என்னும் இன்றைய பொருள் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வேரூன்றியது. சேன் ஆசுட்டின் என்னும் அம்மையாரின் 'நார்த்தேங்கர் அபே' என்னும் புதினம், அவர் மறைந்த 1817-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. அதில் வரும் இளைஞன் ஒருவன், செப்பத்துக்கு உரியதாயிருந்த சொல் எதற்கும் ஒட்டும் சொல்லாகிவிட்டதே என்று எள்ளி நகைக்கிறான். ஆங்கிலேயரே நகைத்த அச்சொல்லைத் தமிழன் தலைமேற் சுமக்கிறான்.

சுமப்பதோடு நில்லாமல், ஆங்கிலத்தில் இல்லாத பொருளையும் அதன்மேல் ஏற்றியிருக்கிறான். 'நைசாக நழுவிவிட்டான்' என்பதை ஆங்கிலேயன் கேட்டால் விழிப்பான். பைய நழுவினான் என்று தென்பாண்டி நாட்டு உழவன் சொல்வானே, அந்தப் 'பைய' எங்கே போயிற்று? நயமாகப் பேசி இணங்க வைத்தவனும் இன்று 'நைசாக'ப் பேசுகிறான். 'நைசான துணி' என்கிறார்கள். ஆடையின் நுண்மையைப் பாம்பின் உரியோடு ஒப்பிட்டுக் காட்டிய பொருநராற்றுப்படை பிறந்த மொழியில் துணிக்கு ஒரு சொல் பஞ்சமா?

'நயம்' என்பதினின்றே 'நைசு' வந்தது என்று சொல்லச் சிலர்க்கு ஆவல் எழலாம். அது வேண்டா. ஒலியொப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. இச்சொல்லின் தடம் இலத்தீனம் வரை தெளிவாகத் தெரிகிறது. 'நைய' என்னும் தமிழ்ச்சொல்லோடு ஒலி ஒத்திருந்ததால் அடுக்களைக்குள் எளிதில் நுழைந்ததோ என்று வேண்டுமானால் ஐயுறலாம்.

அந்த அடுக்களையில்தான் இழப்பு மிகுதி. நைய இடித்தல் வேறு, மைய அரைத்தல் வேறு, ஒன்றிரண்டாக இடித்தல் வேறு. இவை வெறும் சொல்லழகு அல்ல. தமிழ் மருத்துவத்தின் அளவைகள். குடிநீர் காய்ச்சும் சரக்கை ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். பற்றுப் போடுவதை மைய அரைக்க வேண்டும். உட்கொள்ளும் பொடியை இடித்துச் சீலையிற் சலிக்க வேண்டும். பாட்டி சொல்லும் இவற்றையெல்லாம் பேத்தி 'நைசாக' என்றே குறித்துக்கொண்டால், குடிநீர்ச் சரக்கும் மாவாகிவிடும். காய்ச்சிய நீர் தெளிவாக வடியாது, கலங்கலாகவே இறங்கும்.