தகுதி வழக்கும் மருத்துவர் அறையும்

சுங்கை வேயில் கூடியுள்ள இவ்வவையில், மருத்துவர் வி. சாந்தாவின் வாழ்வை முன்னிறுத்தி, மொழி பயின்றோர் என்னும் முறையில் ஒரு கருத்தைக் கூற விழைகிறோம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் உடன்பிறந்த சகோதரி புற்றுநோயால் மாண்டார். அத்துயரே வித்தாக, 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. மறு ஆண்டு, அரசு மருத்துவமனைப் பணி கிடைத்திருந்தும் அதனை விடுத்து, 28 வயதுச் சாந்தா அச்சிறு நிலையத்தில் சேர்ந்தார். மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியுடன் இணைந்து அதனை வளர்த்தார். 2005இல் மகசேசே விருது பெற்றார். 2021 சனவரியில் மறையும் வரை மருத்துவப் பணியையே வாழ்வாகக் கொண்டிருந்தார்.

புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பிழைக்கலாம் என்பதே அவர் ஓயாது வலியுறுத்தியது. எனினும் பலர் காலம் கடந்தே வருகின்றனர். வறுமையும் தொலைவும் அச்சமும் காரணங்கள். மொழியும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

தகுதி வழக்கை நன்னூல் மூன்றாகப் பகுக்கும்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவையில் இவை மூன்றும் பண்பாடு. மருத்துவர் அறையிலோ இவை மூன்றும் திரைகள்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் அறிகுறி பெரும்பாலும் வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் கலந்து போதல். அது தானே நின்றுவிடுவதும் உண்டு. நின்றதும் நோயாளி மறந்துவிடுவார். கல், கிருமித்தொற்று ஆகியவற்றாலும் இரத்தம் வரலாம். எனினும் சோதித்தறிவதே முறை. புகைபிடிப்போர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி. நம் முதியவரோ ‘உடம்புச் சூடு’ என்று கூறி அமைவார். இது இடக்கரடக்கல்.

நோய் உறுதியானபின், குடும்பத்தார் அதன் பெயரைச் சொல்லாது ‘சின்னக் கட்டி’ என்பர். இது மங்கலம். நோயின் பெயரறியாதவர் சிகிச்சையை இடையில் நிறுத்திவிடக்கூடும். மருத்துவரோ தம் துறைச் சொற்களிலேயே பேசுவார். இது குழூஉக்குறி.

அச்சொற்களை விளக்கவும் வழியுண்டு. மாணவர்களே, காசநோயைத் தடுக்க உங்கள் தோளில் இட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பைப் பாருங்கள். அதே மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தித் தொடக்கநிலைப் புற்று மீளாமல் தடுக்கலாம் எனக் கனடாவில் அல்வாரோ மொராலெஸ் குழுவினர் 1976இல் வெளியிட்டனர். இன்றும் அம்முறை வழக்கிலுள்ளது. இவ்வாறு கூறினால் தாத்தாவுக்கும் விளங்கும்.

இந்நாட்டில் இது உங்களுக்கே நேரும் கடமை. அரசு கிளினிக்கில் தாத்தா தமிழில் கூறுவதை மலாயில் எடுத்துரைப்பவர் பெரும்பாலும் பேரப்பிள்ளையே. ‘தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை’ என்று மட்டும் கூறிவிடாதீர்கள். இரத்தம் வந்ததா, எப்போது, எத்தனை முறை எனத் தனியே கேட்டறிந்து, கூசாது அப்படியே சொல்லுங்கள். மருத்துவர் கூறுவதையும் குறைக்காது தாத்தாவிடம் சேர்ப்பியுங்கள்.

ஆசிரியர்களே, தகுதி வழக்கைக் கற்பிக்கும் நாளில், அதனை நீக்கிப் பேசவேண்டிய இடத்தையும் சேர்த்துக் கற்பியுங்கள்.