யப்பானில் விவாகரத்தும் குடும்பமும்



யப்பானில் விவாகரத்து மேனாட்டாரிடமிருந்து வந்ததென்பர் சிலர். எடோ காலத்திலேயே கணவன் மூன்றரை வரி எழுதிக் கொடுத்தால் மனைவி விலக்கப்பட்டாள். அவளுக்கோ அவ்வுரிமையில்லை, விடுதலை வேண்டியோர் காமகுராவிலுள்ள தோகெய்ஜி என்னும் பிக்குணி மடத்திற் தஞ்சம் புகுந்தனர். 1898ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பத் தலைவனுக்கே அதிகாரமளித்தது; 1947இல் அது திருத்தப்பட்டு, கணவனும் மனைவியும் சமவுரிமை பெற்றனர். இன்று இருவரும் ஒப்பி, நகரசபையிற் பத்திரமொன்று கொடுத்தாற் போதும்.

பிள்ளைகளின் நிலை யாது? பிரிந்த பெற்றாருள் ஒருவருக்கே அவர்கள்மீது உரிமை இருந்தது. இருவர்க்கும் இடமளிக்கும் சட்டம் 2024இலேதான் நிறைவேறிற்று.

பெரியோர்களே, பிரிய வழியின்மையால் நிலைத்த குடும்பத்தை உறுதியான குடும்பமென்னலாமா? வாலிபரே, பிரிவது எளிதென்பதாற் பிள்ளைகளை மறக்கலாமா? இவ்விரு வினாக்களையும் உங்கள்முன் வைத்து அமர்கின்றேன்.