இரவில் ஒரு வகுப்பு: கடலாமை நடையில் மாணவர்களோடு

(சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்மில் பலரும் மாணவர்களை வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போயிருப்போம். 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கி, 1985இல் வண்டலூருக்கு வந்த பூங்கா அது. நமது பேருந்து பதினொரு மணிக்குப் போய்ச் சேரும்; மூன்று மணிக்குத் திரும்பிவிடும். அந்த வெயிலில் புலி படுத்திருக்கும், ஆந்தை கண்ணை மூடியிருக்கும். பிள்ளைகள் கேட்பார்கள்: "டீச்சர், இதெல்லாம் எப்பத்தான் முழிச்சிருக்கும்?"

நியாயமான கேள்வி. பல உயிரினங்களின் வேலை நேரம் இரவு. நமது பள்ளி நேரமோ ஒன்பதரை முதல் நாலேகால் வரை. இந்த இடைவெளியைக் குறைக்க எட்டாம் வகுப்பு மாணவர்கள் 24 பேரோடு பிப்ரவரி மாதச் சனிக்கிழமை ஒன்றில் கடற்கரைக்குப் போனோம். அந்த அனுபவத்தைத்தான் பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

சென்னைக் கடற்கரைக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிட வருவது பங்குனி ஆமை. 1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் இரவில் நடந்து இதன் முட்டைகளைக் காக்கத் தொடங்கினார்கள். 1988இலிருந்து அந்தப் பணியை மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு தொடர்கிறது. கல்லூரி மாணவர்களே அதிகம் உள்ள அமைப்பு. பருவம் முழுவதும் இரவுதோறும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடக்கிறார்கள். பொதுமக்களும் பள்ளிகளும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு சேர்ந்து நடக்கலாம்.

முதலில் ஏற்பாடுகளைச் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியர் ஒப்புதல், மேலதிகாரி அனுமதி, பெற்றோரின் கையெழுத்துக் கடிதம் மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆறு மாணவருக்கு ஓர் ஆசிரியர். நால்வரில் இருவர் பெண்கள். பெண் பிள்ளைகளின் வீட்டுக்கு நேரில் போனேன். "ராத்திரியில எதுக்கு டீச்சர்?" என்று கேட்காத வீடு இல்லை. கேட்ட தாய்மார்களில் இருவரை "நீங்களும் வாங்களேன் அக்கா" என்று கூடவே அழைத்துப் போனோம். அதன் பிறகு மற்ற வீடுகளில் தயக்கம் குறைந்தது. சனிக்கிழமை மதியம் பிள்ளைகளைத் தூங்கச் சொன்னோம். அடர்நிறச் சட்டை, தண்ணீர், பிஸ்கட், முதலுதவிப் பெட்டி. கைப்பேசி வெளிச்சம் கூடவே கூடாது. கிளம்புமுன் கழிப்பறைக்குப் போய்வர நேரம் ஒதுக்கினோம். நடுவழியில் வசதி கிடையாது.

அடுத்து ஒரு சங்கடமான விஷயத்தைச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் நமது கடற்கரையில் நூற்றுக்கணக்கில் இறந்த ஆமைகள் ஒதுங்கின. செய்தித்தாளில் படம் வந்தது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். ஒரு மாணவனிடம் பக்கத்துப் பெஞ்சுப் பையன், "உங்க அப்பா வலையிலதான்டா செத்திருக்கும்" என்று சொல்லிவிட்டான். இவன் பதில் பேசவில்லை. அடுத்த நாள், "நான் நடைக்கு வரலை டீச்சர்" என்று பணத்தைத் திரும்பக் கேட்டான்.

விலங்குகளிடம் அன்பு வேண்டும் என்று பாடம் நடத்துவது எளிது. அந்தப் பாடம் ஒரு பிள்ளையின் வீட்டுத் தொழிலைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடக் கூடாது. அவன் தந்தையைப் பள்ளிக்கு வரச் சொன்னேன். "அண்ணா, வகுப்புல வந்து வலையைப் பத்திச் சொல்லணும்" என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வந்தார். இரண்டு வலைத்துண்டுகளும் கொண்டுவந்தார். ஆமைக்கும் நுரையீரல்தான், மூச்சு விட மேலே வந்தாக வேண்டும் என்று நான் சொன்னேன். விசைப்படகின் இழுவலை மணிக்கணக்கில் தண்ணீருக்கடியில் இழுபடும், உள்ளே மாட்டியது மேலே வர முடியாது என்று அவர் சொன்னார். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாது என்பது தமிழ்நாட்டின் விதி. ஆமை தப்பித்து வெளியேறும் கருவியை வலையில் பொருத்த முடியும் என்பதையும் பேசினோம். "எங்க ஃபைபர் படகு வலையிலயும் எப்பவாவது மாட்டும். அறுத்து விட்டுடுவோம். அந்த வலையைத் தைக்க ரெண்டு நாள் ஆகும், அந்த ரெண்டு நாள் கடலுக்குப் போக முடியாது" என்றார். விசைப்படகில் போகிறவரும் கூலிக்குப் போகிறவர்தான் என்றும் சேர்த்துச் சொன்னார். வகுப்பு அமைதியாகக் கேட்டது. மறுநாள் மகன் நடைக்கு வந்தான்.

இரவு பதினொன்றரைக்கு நடை தொடங்கியது. முதல் அரை மணி நேரத்திலேயே இறந்த ஆமை ஒன்றைப் பார்த்தோம். சில பிள்ளைகள் அழுதார்கள். தன்னார்வலர்கள் ஓட்டை அளந்து குறித்துக்கொள்வதை ஒதுங்கி நின்று பார்த்தோம். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

ஒன்றேகால் மணிக்கு முன்னால் போன அதே மாணவன் சட்டென்று நின்று, "டீச்சர், தடம்" என்றான். டிராக்டர் சக்கரம் போனதுபோல அலையிலிருந்து மேடு வரை ஒரு தடம், பக்கத்திலேயே திரும்பிய தடம். ஆமை போய்விட்டிருந்தது. தன்னார்வலர் குச்சியால் மெல்லத் தேடிக் குழியைக் கண்டுபிடித்தார். ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழம், குடுவை வடிவம். பின்துடுப்புகளால் மட்டுமே அது தோண்டியது என்றபோது பிள்ளைகள் நம்பவில்லை. முட்டைகளை அவர்தான் எடுத்தார், நாங்கள் தொடவில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் இது. பிள்ளைகள் கிசுகிசுப்பாக எண்ணினார்கள்: 112.

நாய்களிடமிருந்து காக்க, முட்டைகளைப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி தோண்டி வைத்தார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகம், சூடு குறைந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம். குஞ்சு வெளிச்சம் இருக்கும் பக்கம் போகும். இயற்கையில் அது கடல்; நமது கரையில் அது சாலை விளக்கு. இதைக் கேட்டதும் ஒரு மாணவி கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் திரும்பி விளக்குகளை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

நாலரை மணிக்கு நடை முடிந்தது. உயிருள்ள ஆமை ஒன்றைக்கூட அன்று பார்க்கவில்லை. அதையும் முன்பே சொல்லி வைத்திருந்தேன். இயற்கை நமக்காகக் காட்சி நடத்துவதில்லை என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

திங்கட்கிழமை முதல் வேலை தொடர்ந்தது. ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் வளர்ந்து திரும்பும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படியானால் 112 முட்டையில் எத்தனை? கணக்கு வகுப்பில் விடை 0.112 என்று வந்தபோது, முழுதாக ஓர் ஆமைக்கு எத்தனை குழி வேண்டும் என்று அவர்களே அடுத்த கேள்வியைப் போட்டார்கள். தமிழ் வகுப்பில் ஊராட்சித் தலைவருக்கு விண்ணப்பக் கடிதம் எழுதினார்கள்: மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடலைப் பார்த்த விளக்குகளுக்கு இரவில் மறைப்பு வேண்டும் என்று. நான்கு விளக்குகளுக்கு மறைப்பு வந்தது. மீதிக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் ஊரில் கடல் இல்லாமல் இருக்கலாம். ஆலமரத்தில் பழந்தின்னி வௌவால் இருக்கும், மழைக்குப் பின் ஏரியில் தவளை கத்தும், பள்ளிக் கூரையில் கூகை இருக்கும். இரவு முழுவதும் வேண்டாம். ஏழு முதல் ஒன்பது வரை இரண்டு மணி நேரம் போதும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைப் பெற்றோரோடு வரச் சொல்லலாம். மூன்று விதிகள்: தொடக் கூடாது, வெளிச்சம் அடிக்கக் கூடாது, பார்த்ததை அன்றே எழுத வேண்டும். போவதற்கு முன், அந்த உயிரினத்தோடு அன்றாடம் வாழ்கிற உங்கள் ஊர் மனிதர் ஒருவரை வகுப்புக்கு அழைத்துப் பேச வையுங்கள். விவசாயியோ, மீனவரோ, ஆடு மேய்ப்பவரோ, அவர் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கக்கூடும்.

அனுமதிக் கடிதம், பெற்றோர் ஒப்புதல் படிவம் ஆகியவற்றின் மாதிரிகளைக் கொண்டுவந்திருக்கிறேன். தேவைப்படுவோர் இடைவேளையில் வாங்கிக்கொள்ளலாம்.