பரிசு ஆருக்கு, மேடை ஆருக்கு?

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'புலம்பெயர் மண்ணில் நாடகக் கலை' என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள். அது எனக்குக் கொஞ்சம் பெரிய சட்டை. அதைக் கத்தரித்து, போன வருசம் முழுக்க எங்கட வீடுகளிலும் கார்களிலும் ரெலிபோனிலும் நடந்த ஒரு சண்டையைப் பற்றி மட்டும் கதைக்கிறேன். நாடகப் போட்டி முடிவு சரியா, பிழையா என்ற சண்டை. பெயர் ஒன்றும் சொல்லமாட்டேன். சம்பந்தப்பட்ட எல்லோரும் இந்த மண்டபத்துக்குள்ளேதான் இருக்கிறார்கள். ஒருவரும் எழும்பிப் போக வேண்டாம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். கடைசியாக மேடையேறிய நாடகத்துக்குச் சனம் எழும்பி நின்று கைதட்டியது. ஆனால் அதற்குக் கிடைத்தது ஆறுதல் பரிசு. காரணம் இரண்டு. ஒன்று, உச்சரிப்புக்கு வைத்திருந்த 25 புள்ளியில் அவர்களுக்கு அரைவாசியும் விழவில்லை. அந்தக் குழுவில் இங்கே பிறந்த இரண்டு பிள்ளைகள், மலையகத்திலிருந்து வந்த ஓர் அக்கா, மட்டக்களப்புத் தம்பி ஒருவர். மற்றது, முதன்மைப் பாத்திரத்தில் நடித்தவர் சங்க உறுப்பினர் இல்லை. உறுப்பினர் அல்லாதவர் நடித்தால் முதல் மூன்று இடம் கிடையாது என்பது விதி.

அவர் ஏன் உறுப்பினர் ஆகவில்லை? சந்தா கட்டக் காசில்லாமல் இல்லை. படிவத்தில் விலாசம் எழுத வேணும், படம் மலரில் வரும். 2012 ஓகஸ்டுக்குப் பிறகு படகில் வந்தவர்களின் வழக்குகளை 'ஃபாஸ்ட் ட்ராக்' என்று ஒரு விரைவு முறையில் விசாரித்தார்கள். விரைவு என்ற பெயரே ஒரு பகிடி. 2023 பெப்ரவரியில், தற்காலிக விசாவில் இருந்தவர்களுக்கு நிரந்தர விசா கொடுக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தபோது நாங்கள் பாற்சோறு பொங்கினோம். அந்த அறிவிப்புக்குள் அகப்படாமல், நிராகரிக்கப்பட்டு, பிரிட்ஜிங் விசாவோடு நின்றவர்களும் எங்களுக்குள்ளே இருந்தார்கள். இவர் அப்படி ஒருவர். இரவில் கோழித் தொழிற்சாலையில் வேலை. விடிய வந்து படுத்து, பின்னேரம் ஒத்திகைக்கு வந்தவர். தன்னுடைய பெயரும் விலாசமும் எந்தக் கடதாசியிலும் இருக்கக்கூடாது என்று பயப்படுகிற ஒரு மனிசனுக்கு எங்கட படிவம் என்ன மாதிரித் தெரியும் என்று நாங்கள் யோசித்ததில்லை.

இனி, எங்களுடையதைவிடப் பெரிய மேடை ஒன்றைப் பார்ப்போம். 2019 சனவரியில் சிட்னி விழாவின்போது சிட்னி நகர மண்டபத்தில் 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்' மேடையேறியது. எழுதியவர் எஸ். சக்திதரன், நெறிப்படுத்தியவர் பெல்வார் அரங்கின் ஏமன் ஃப்ளாக். தலைகளை எண்ணுவது ஜனநாயகம், அது கைவிட்டுப்போனால் தலைகளை உடைப்பதுதான் மிச்சம் என்ற கருத்திலே வைத்த பெயர். ஒரு குடும்பத்தின் நாலு தலைமுறை, 1956இலிருந்து 2004 வரை, கொழும்பும் சிட்னியும். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். 16 நடிகர்கள், 3 வாத்தியக்காரர். அதே ஆண்டு யூலையில் இந்த நாட்டின் ஹெல்ப்மன் விருதுகளில் ஏழை அந்த நாடகம் வாங்கியது. சிறந்த நாடகம், சிறந்த புதிய அவுஸ்திரேலியப் படைப்பு இரண்டும் அதற்குள் அடக்கம். இளவயது ராதாவாக நடித்த வைஷ்ணவி சூரியபிரகாஷுக்குச் சிறந்த துணை நடிகை விருது. 2020இல் விக்ரோரிய மாநிலத்தின் இலக்கியப் பெரும்பரிசு, ஒரு இலட்சம் டொலர், அதுவும் இதற்கே. பிறகு 2022இல் எடின்பரோ, 2024இல் மெல்பேண், திரும்பவும் சிட்னி, நியூயோர்க்.

எங்கட ஆட்கள் சந்தோசப்பட்டார்களா? பட்டார்கள், ஒரு கிழமை. அதன்பிறகு கேள்விகள் தொடங்கின. நான் கேட்டவற்றை அப்படியே சொல்லுகிறேன். ஆங்கிலத்தில் எழுதிய நாடகம் தமிழ் நாடகமா? தமிழ்த் தாய் ராதாவாகச் சிங்கள நடிகை நாடீ கம்மல்லவீர நடிக்கலாமா, எங்கட பெட்டையள் ஒருத்தரும் இல்லையா? கொழும்புத் தமிழ்ப் பெரியவராக வந்த பிரகாஷ் பெலவாடி பெங்களூர்க்காரர், அந்தக் கதைவழக்கு அவருக்கு வருமா? இன்னொரு பக்கத்தில், திருவாக நடித்த அன்ரனிதாசன் யேசுதாசன், அதாவது அல்லைப்பிட்டியில் பிறந்து பிரான்சில் அகதியாக வாழ்கிற எழுத்தாளர் ஷோபாசக்தி, அவருடைய அரசியல் பிடிக்காது என்பதற்காகவே நாடகம் பார்க்கப் போகாதவர்களும் உண்டு. 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை வென்ற 'தீபன்' படத்தின் கதாநாயகனும் அவர்தான். ஆக, வேற்று ஆள் நடித்தாலும் குற்றம், சொந்த ஆள் நடித்தாலும் குற்றம்.

இந்தக் கேள்விகளைச் சிரித்துத் தள்ளிவிட நான் வரவில்லை. ஆர் ஆருடைய வேடத்தைப் போடலாம் என்பது நியாயமான கேள்வி. 1989இல் இலண்டனில் 'மிஸ் சைகோன்' என்ற இசை நாடகம் தொடங்கியது. அதில் அரை வியட்நாமியரான ஒரு பாத்திரத்தை ஜொனதன் பிரைஸ் என்ற வெள்ளைக்கார நடிகர் நடித்தார். 1990இல் நியூயோர்க்குக்கு அவரைக் கொண்டுபோக வெளிக்கிட்டபோது, அமெரிக்க நடிகர் சங்கம் முதலில் மறுத்தது. ஆசிய நடிகர்களுக்கு வருகிறதே ஒன்றிரண்டு வேடம், அதையும் பறிப்பதா என்று கேட்டார்கள். தயாரிப்பாளர் நாடகத்தையே நிப்பாட்டுவேன் என்றதும் சில நாட்களிலேயே சங்கம் பின்வாங்கியது. 1991இல் பிரைஸுக்கு ரோனி விருது கிடைத்தது. அதே நாடகத்துக்காக பிலிப்பைன்ஸ் நாட்டு லேயா சலோங்காவுக்கும் கிடைத்தது. விருது கிடைத்ததால் அந்தக் கேள்வி தீர்ந்ததா? இல்லை. இன்றைக்கும் தீரவில்லை.

ஆனால் அந்தக் கதையையும் ராதாவின் கதையையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கே எழுதியவரும் ஆசியர் இல்லை, முடிவெடுத்தவரும் ஆசியர் இல்லை, வேடம் கட்டியவரும் இல்லை. இங்கே எழுதியவர் எங்கட பிள்ளை. உடைக்கும் பண்பாட்டுக்கும் ஆலோசனை சொன்னவர் அவருடைய தாயார், சிட்னியில் நடனம் கற்பித்த ஆனந்தவல்லி. அந்த அறைக்குள் ஒரு சிங்களப் பெண் வந்து, 83இல் வீட்டை விட்டு ஓடின தமிழ்த் தாயின் துக்கத்தைத் தன் உடம்பில் ஏற்றுகிறாள் என்றால், பறித்தது என்று அதைச் சொல்லலாமா? எனக்கென்றால் அது வேறு விசயம். இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கலாம், தேத்தண்ணி நேரம் வந்து சண்டை பிடியுங்கோ.

என்னைக் கேட்டால், கேட்கவேண்டிய கேள்வியை நாங்கள் மெல்லமாகத்தான் கேட்கிறோம். அந்த நாடகத்தின் பெரியவர் பாத்திரத்துக்கு முன்மாதிரி சக்திதரனின் பூட்டன் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், வவுனியாப் பாராளுமன்ற உறுப்பினர், சுதந்திர இலங்கையின் முதல் மந்திரிசபையில் மந்திரி. சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து நின்றவர். அதெல்லாம் உண்மை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் போகக்கூடாது என்று வாசலில் நின்று மறித்தவர்களுக்கு முன்னுக்கு நின்றவரும் அதே மனிதர்தான். அந்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரைக்கும் போனது. உரிமை கேட்ட கையும் கதவைப் பூட்டின கையும் ஒன்று. அதே மாவிட்டபுரத்தை வைத்து என். கே. ரகுநாதன் 'கந்தன் கருணை' எழுதினார். தாசீசியஸ் அதைக் கூத்தாக மேடையேற்றினார். எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் அது மேடையேறியது. அதைப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் இரண்டு பேராவது இருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஏழு விருது வாங்கிய நாடகத்தைப் பற்றிக் கதைக்கிற நாங்கள், கோயில் வாசலுக்கு வெளியே நின்றவர்கள் போட்ட இந்தக் கூத்தைப் பற்றி எங்கட பிள்ளைகளுக்கு ஒரு வசனம் சொல்லியிருக்கிறோமா?

இங்கே ஒருவரும் சாதி கேட்பதில்லை. "ஊரில எவ்விடம்?" என்றுதான் கேட்பார்கள். "கோயிலடியோ, சந்தைப்பக்கமோ?" என்று அடுத்த கேள்வி. நாடகக் குழு சேர்க்கிறபோதும் அந்தக் கேள்விகள் நடக்கின்றன, எனக்குத் தெரியும்.

உச்சரிப்புக்கு வருவோம். அறுபதுகளில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் 'கர்ணன் போர்'. கிராமத்து அண்ணாவிமாரைக் கூட்டிவந்து மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கினார். அதுவரைக்கும் படித்தவர்களுக்குக் கூத்து என்றால் நாட்டுப்புறத்து ஆட்களின் விடிய விடியக் கத்தல். இன்றைக்குக் கூத்து எங்கட பெருமை, மலர்களில் கட்டுரை எழுதுகிறோம். ஆனால் ஒரு மட்டக்களப்புத் தம்பி மேடையில் தன் ஊர்த் தமிழைக் கதைத்தால் 25க்கு 11. மலையக அக்காவுக்கு அதிலும் குறைவு. எந்த ஊர்த் தமிழை அளவுகோலாக வைத்தார்கள் என்று புள்ளித்தாளில் எழுதியிருக்கவில்லை. எழுதத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளைகளின் தமிழ் வேறு விசயம். அங்கே பேத்திமாரின் கவலை எனக்கு விளங்குகிறது. ழகரம் போனால் மொழியே போய்விடும் என்ற பயம் பொய்ப் பயம் இல்லை. ஆனால் புள்ளி வெட்டி ழகரம் வந்ததாக நான் அறியவில்லை. புள்ளி வெட்டினதால் அடுத்த வருசம் அந்தப் பிள்ளை கிரிக்கெட்டுக்குப் போனதுதான் தெரியும். சக்திதரனின் நாடகத்தில் ஒரு யுக்தி உண்டு. பாத்திரங்கள் தமிழிலோ சிங்களத்திலோ கதைக்கும்போது, பக்கத்தில் நிற்கிற இன்னொரு நடிகர் அதை ஆங்கிலத்தில் உடனுக்குடன் சொல்லுவார். திரையில் எழுத்து ஓடுவதில்லை. சொல்லுகிறவரும் நாடகத்தில் ஒரு ஆள்தான். அந்த யுக்தியை நாங்கள் ஏன் எடுக்கக்கூடாது? தமிழ் தடுமாறுகிற பிள்ளையை மொழிபெயர்ப்பாளனாக மேடையில் நிறுத்துங்கோ. ஒவ்வொரு வசனத்தையும் விளங்கினால்தான் அவனால் சொல்லமுடியும். மூன்று மாத ஒத்திகையில் எங்கட சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் மூன்று வருசத்தில் படிப்பிக்கிறதைப் படித்துவிடுவான். (பள்ளிக்கூட ஆசிரியர்கள் மன்னிக்க வேணும்.)

விதிக்கு வருகிறேன். விதி என்றால் விதிதான் என்கிறவர்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வாசலைத் திறந்துவிட்டால் ஆரேனும் சென்னையிலிருந்து தொழில்முறை நடிகரை இறக்கிப் பரிசை அள்ளிக்கொண்டு போவான் என்று பயப்படுகிறார்கள். பாவம் பார்த்துப் பரிசு கொடுத்தால் அது அந்த மனிசனுக்கு அவமானம் என்றும் ஒருவர் சொன்னார். அதை முழுதாக ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே பாவம் பார்க்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. நடுவர்களே அவருடைய நடிப்புக்கு ஆகக்கூடிய புள்ளி போட்டிருக்கிறார்கள்.

விக்ரோரியப் பெரும்பரிசு சக்திதரனுக்குக் கிடைப்பதற்கு முதல் வருசம், 2019இல், அதை வாங்கியவர் பெஹ்ரூஸ் பூச்சானி. குர்தியர். அவுஸ்திரேலிய அரசு மானுஸ் தீவுக்கு அனுப்பி வைத்திருந்த அகதி. பாரசீக மொழியில் கைத்தொலைபேசியில் துண்டு துண்டாக எழுதி அனுப்ப, ஒமிட் டோஃபிகியன் ஆங்கிலத்தில் பெயர்த்த நூல். அப்போதைய பரிசு விதிப்படி எழுதுபவர் அவுஸ்திரேலியப் பிரசையாகவோ நிரந்தர வதிவிட உரிமை உள்ளவராகவோ இருக்கவேண்டியிருந்தது. பூச்சானிக்கு இரண்டும் இல்லை. அவுஸ்திரேலியப் பெருநிலத்தில் கால் வைக்க அப்போது அவரை விடவில்லை. பரிசை நடத்தினவர்கள், இது அவுஸ்திரேலியாவின் கதை என்று சொல்லி அவருக்கு விலக்கு அளித்தார்கள். வெள்ளைக்காரன் நடத்துகிற பரிசு ஒரு அகதிக்காக விதியைத் தளர்த்தியது. அகதிகள் நடத்துகிற பரிசு தளரவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆகவே நான் மூன்று விசயம் கேட்கிறேன். உறுப்பினர் என்ற விதியை எடுத்துவிட்டு, இங்கே வசிப்பவர் என்று போடுங்கோ. மேடைப்பெயரோடு நடிக்கலாம், படம் போடத் தேவையில்லை என்று எழுதுங்கோ. உச்சரிப்புக்கு 25 வேண்டாம். பாத்திரத்துக்கு ஏற்ற பேச்சு என்று 10 வையுங்கோ, யாழ்ப்பாணப் பாத்திரம் யாழ்ப்பாணத் தமிழும் ஹற்றன் பாத்திரம் ஹற்றன் தமிழும் கதைக்கட்டும். நடுவர் மூவரில் ஒருவர் முப்பது வயதுக்கு உட்பட்டவராக இருக்கட்டும். புள்ளித்தாளைக் காரணத்தோடு குழுக்களுக்குக் கொடுங்கோ. நாலாகிவிட்டது, பரவாயில்லை.

போன வருச முடிவை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. முதல் பரிசு வாங்கிய குழுவும் பாடுபட்டுத்தான் நடித்தது. அந்தக் கேடயம் அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

போட்டி விதியை மாற்ற விசேட பொதுக்கூட்டம் கூட்டவேண்டும், அதற்கு 20 உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும் என்று செயலாளர் சொன்னார். 13 இருக்கிறது. அந்தத் தாள் தேத்தண்ணி மேசையில், வடைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனை ஒன்று கட்டி வைத்திருக்கிறேன். கையெழுத்து வைத்துவிட்டு வடையை எடுங்கோ, எண்ணெய்க் கையோடு வைத்தால் மை பிடிக்காது.