வீட்டு மானியத்துக்குப் பஞ்சப்படி கிடையாதா?

(நாமகிரிப்பேட்டையில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மஞ்சளை வெட்டி, வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றி ஏலத்துக்குக் கொண்டுவந்து கொட்டுகிறவர்கள் நாம். மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கி வண்டி ஏற்றுகிறவர்களும், ஆலைக்குள் நின்று அதை ஜவ்வரிசியாக்குகிறவர்களும் நாமே. மஞ்சள் மூட்டை நனையாமலிருக்கக் கிடங்கு உண்டு. ஜவ்வரிசி மூட்டைக்கும் கிடங்கு உண்டு. அந்த மூட்டையைத் தூக்கியவனுக்கு என்ன உண்டு? மழை வந்தால் ஒழுகும் ஓலைக் குடிசை. வெயில் வந்தால் கொதிக்கும் தகரக் கொட்டகை.

"வீடு கட்டத்தான் சர்க்கார் பணம் தருகிறதே, இன்னும் என்ன குறை?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அந்தப் பணத்தின் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

டில்லியின் கணக்கு

இந்திரா ஆவாஸ் திட்டத்தின் பெயரை மாற்றி, 2016ல் பிரதமரின் பெயரில் கிராம வீட்டு வசதித் திட்டம் வந்தது. சமவெளியில் ஒரு வீட்டுக்கு ரூ.1,20,000 என்று விதித்தார்கள். இதில் மத்திய சர்க்கார் பங்கு ரூ.72,000, மாநிலத்தின் பங்கு ரூ.48,000.

2024 ஆகஸ்டில் மத்திய மந்திரிசபை கூடி, 2029 மார்ச் வரை திட்டத்தை நீட்டித்தது. இன்னும் 2 கோடி வீடுகள் என்று தம்பட்டம் அடித்தார்கள். ஆனால் ஒரு வீட்டுக்கு எவ்வளவு? அதே ரூ.1,20,000! 2016ல் போட்ட தொகையை வைத்துக்கொண்டு 2029 வரைக்கும் வீடு கட்டிக்கொள் என்கிறார்கள்.

நாம் கேட்கிறோம்: சிமெண்டு 2016 விலையில் நிற்கிறதா? கம்பி நிற்கிறதா? செங்கல்லும் மணலும் ஜல்லியும் நிற்கின்றனவா? கொத்தனாருக்குப் பழைய கூலியைக் கொடுத்தால் அவர் கரண்டியைத் தொடுவாரா?

"நாங்கள் மானியத்தை வெட்டவில்லையே, அதே தொகையைத்தானே தருகிறோம்" என்று சர்க்கார் சொல்லலாம். ஆலைத் தோழர்களே, இந்த நியாயத்தை நீங்கள் எங்கே கேட்டீர்கள்? முதலாளியிடம் கேட்டீர்கள். "கூலியை நான் குறைக்கவில்லையே" என்றுதான் அவனும் சொன்னான். விலைவாசி ஏறும்போது கூலி ஏறாமல் நின்றால் அது கூலி வெட்டு என்று சங்கம் பதில் சொன்னது. பஞ்சப்படி என்ற உரிமை அப்படிப் போராடித்தான் வந்தது. கூலிக்கு உள்ள நியாயம் வீட்டு மானியத்துக்கு மட்டும் கிடையாதா? ஏற்றாத மானியம் வெட்டிய மானியமே!

டில்லி கொடுப்பது போதாது என்று தெரிந்துதான், தமிழ்நாட்டில் மாநில சர்க்கார் கான்கிரீட் கூரைக்காக முதலில் ரூ.50,000மும், பிறகு ரூ.70,000மும் கூட்டிக் கொடுத்தது. மொத்தம் ரூ.2,40,000 ஆயிற்று. இதில் டில்லியின் பங்கு ரூபாய்க்கு முப்பது காசு. திட்டத்தின் பெயரோ முழுக்க முழுக்கப் பிரதமருடையது!

2024ல் மாநில சர்க்கார் 'கலைஞரின் கனவு இல்லம்' என்று தனித் திட்டம் அறிவித்தது. 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3,50,000, 2030க்குள் 8 லட்சம் வீடுகள், முதல் ஆண்டில் ஒரு லட்சம். இதை நாம் வரவேற்கிறோம். அதே சமயம் இதிலிருந்து ஓர் உண்மையைப் பிடித்துக்கொள்கிறோம். ஓர் ஏழை வீட்டுக்கு மூன்றரை லட்சம் வேண்டும் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டுவிட்டது. மத்தியத் திட்ட வீடு இதைவிடச் சிறியதுதான். அதற்காகக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தாலும், மீதிப் பணத்தை யார் போடுவது? கிழங்குக் காட்டில் குனிந்து நிமிர்கிறவன்தான் போடவேண்டும்.

குடிசையும் போயிற்று, வீடும் வரவில்லை

இந்தப் பற்றாக்குறை ஒரு குடும்பத்தை என்ன செய்கிறது? நமக்குள்ளது ஒரு துண்டு இடம். வேலை உத்தரவு வந்தால் குடிசையைப் பிரித்துவிட்டு, அதே இடத்தில்தான் அஸ்திவாரம் தோண்டவேண்டும். பணமோ மொத்தமாக வருவதில்லை. தவணை தவணையாக வருகிறது. அஸ்திவாரம் முடியவேண்டும், படம் எடுத்து ஏற்றவேண்டும், பிறகு தவணை. சுவர் எழும்பவேண்டும், படம் எடுக்கவேண்டும், பிறகு தவணை. முதலில் வேலை, பிறகு பணம் என்றால் கையில் காசுள்ளவன் சமாளிப்பான். அன்றாடக் கூலிக்காரன் எங்கே போவான்? கந்துவட்டிக்காரனிடம் போவான், குழுக் கடனுக்குப் போவான்.

கடனும் கிடைக்காவிட்டால் வேலை சுவரோடு நின்றுபோகும். குடிசை பிரித்தாகிவிட்டது, வீட்டுக்குக் கூரை இல்லை. அடைமழைக் காலத்தில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு ஒண்டவேண்டும். மானியம் வாங்கப் போனவன் வீடற்றவன் ஆகிறான்!

2011 ஜனத்தொகைக் கணக்கு இந்தியாவில் வீடற்றவர்கள் 17 லட்சத்துக்கும் மேல் என்று சொன்னது. பாலத்தடியிலும் நடைபாதையிலும் படுத்திருந்தவர்களைத்தான் அந்தக் கணக்கு எண்ணியது. ஒரே குடிசையில் மூன்று குடும்பம் முடங்குவதை எண்ணவில்லை. கோழிப்பண்ணைக் கொட்டகையிலும் ஆலை விடுதியிலும் இருப்பவனையும் எண்ணவில்லை. அவனுக்கு வேலை போன அன்றே வீடும் போகிறது. அந்தப் பயத்தினாலேயே அவன் கூலி உயர்வு கேட்க வாய் திறப்பதில்லை. வீட்டுப் பிரச்னை என்பது கூலிப் பிரச்னையேதான், தோழர்களே!

சீமையிலும் இதே கதை

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. பிரிட்டனில் நகரசபை வீடுகளில் குடியிருக்கும் ஏழைகளுக்கு வாடகை கட்ட சர்க்கார் உதவித்தொகை உண்டு. 2013 ஏப்ரலில் அதில் கத்தி வைத்தார்கள். வீட்டில் ஓர் அறை கூடுதலாக இருந்தால் நூற்றுக்கு 14 வெட்டு. இரண்டு அறை என்றால் 25 வெட்டு. ஜனங்கள் இதைப் 'படுக்கையறை வரி' என்று பெயர் சொல்லித் திட்டினார்கள். சின்ன வீட்டுக்குப் போகலாம் என்றால் சின்ன வீடு காலியில்லை. வாடகை பாக்கி ஏறியது.

தனியார் வீட்டில் வாடகைக்கு இருந்தவர்களுக்கோ வேறொரு தந்திரம். வாடகை ஏறிக்கொண்டே போக, உதவித்தொகையை 2016லிருந்து நாலு வருஷம் ஏற்றவில்லை. 2020ல் ஒருமுறை ஏற்றிவிட்டு, மறுபடி 2024 வரை அப்படியே நிறுத்தினார்கள்.

விளைவு என்ன? இங்கிலாந்தில் ஓர் இரவில் தெருவில் படுத்தவர்கள் 2010 கணக்குப்படி 1,768 பேர். 2017ல் 4,751 பேர்! 2024ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சொந்த வீடோ, நிலையான வாடகை வீடோ இல்லாமல் தற்காலிக இடங்களில் இருந்தன. அவர்களைத் தங்கவைக்க நகரசபைகள் பெரும்பணம் கொட்டவேண்டி வந்தது. ஏழையிடம் மிச்சம் பிடித்த பணம் விடுதிக்காரன் கல்லாவில் விழுந்தது!

போராடாமல் கிடைத்ததில்லை

நம் தமிழ்நாட்டின் அனுபவம் என்ன? கீழத்தஞ்சையில் பண்ணையாள் குடியிருந்த மனை மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்து எறிவான். செங்கொடியின் கீழ் அவர்கள் திரண்டார்கள். குடியிருப்பிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 1961ல் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25ந் தேதி வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து சாம்பலானார்கள். அவர்கள் கூலி கேட்டவர்களின் குடும்பங்கள். 1971ல் குடியிருப்பு மனையை உழைப்பாளிக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. எவனுடைய கருணையாலும் அல்ல; போராட்டத்தால் வந்தது.

ஆகவே நாம் கோருகிறோம்:

மத்திய சர்க்கார் தன் பங்கை உயர்த்தவேண்டும். விலைவாசி ஏறும்போதெல்லாம் மானியமும் தானாக ஏறவேண்டும்.

குடிசையைப் பிரிக்குமுன் முதல் தவணை கைக்கு வரவேண்டும்.

நத்தத்திலும் புறம்போக்கிலும் நெடுங்காலம் குடியிருப்போருக்குப் பெண்கள் பெயரிலும் சேர்த்துப் பட்டா வேண்டும். மாற்று மனை தராமல் ஒரு குடிசையையும் இடிக்கக் கூடாது.

பயனாளிகள் பட்டியலைக் கிராமசபையில் உரக்கப் படிக்கவேண்டும்.

மே 1ந் தேதி கிராமசபை கூடும் நாள். அது நம்முடைய நாளும்கூட. நாமகிரிப்பேட்டை ஒன்றியத்தின் ஒவ்வொரு ஊராட்சியிலும் நாம் போய் உட்காருவோம். பாதியில் நின்ற வீடுகளை எண்ணி எழுதிக் கொண்டுபோவோம். தீர்மானம் நிறைவேறாமல் எழுந்திருக்க மாட்டோம். பேரூராட்சியில் இருக்கும் தோழர்கள் பேரூராட்சி ஆபீசுக்கு மகஜர் கொண்டு செல்லட்டும். ஆலைத் தொழிலாளியும் காட்டுக் கூலிக்காரனும் தோளோடு தோள் நின்றால், டில்லிக்கும் கேட்கும்!

கூலிக்குப் பஞ்சப்படி வாங்கியவர்கள் நாம். வீட்டுக்கும் வாங்குவோம்!