தார் போட்டால்தான் றோட்டா?

(எமது சங்கத்தின் மார்கழி மாத ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் பேச்சாளன் அல்ல. என்ரை படிப்பு உயர்தரத்தோடு நின்றுவிட்டது. பன்னிரண்டு வருசமாக இஞ்ச ஜேர்மனியிலை ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் மெசினுக்கு முன்னால் நிற்கிறவன். செயலாளர் அண்ணைதான், "நீ ஓய்வு நாளிலை கொம்பியூட்டரிலை றோட்டுக் கீறுறாயாம், அதைப் பற்றி ஒரு பத்து நிமிசம் கதை" என்று பிடித்துக்கொண்டு வந்து விட்டார். பத்து நிமிசத்துக்கு மேலை போனால் பிழை அவருடையது.

முதலில் நான் கீறுகிற வரைபடம் என்னவென்று சொல்லவேண்டும். அதற்குப் பெயர் ஓப்பன் ஸ்றீற் மப். 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்ரீவ் கோஸ்ற் என்பவர் தொடக்கியது. ஒரு கொம்பனியின் சொத்து அல்ல. உலகம் முழுக்க உள்ள ஆட்கள் சம்பளம் இல்லாமல், தங்கள் தங்கள் ஊர் வீதி, குளம், பள்ளிக்கூடம், கோயில் எல்லாவற்றையும் தாங்களே கீறிப் போடுகிறார்கள். யாரும் சேரலாம், யாரும் திருத்தலாம், யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம். 2010 தை மாதம் ஹெயிற்றி நாட்டிலை பூமியதிர்ச்சி வந்தபோது, தலைநகரத்துக்கே சரியான வீதி வரைபடம் இருக்கவில்லை. இந்தத் தன்னார்வக்காரர் வீட்டிலிருந்தபடியே விமானப் படங்களைப் பார்த்துக் கீறினார்கள். மீட்புப் பணிக்குப் போனவர்கள் அதைக் கையில் கொண்டு திரிந்தார்கள். உங்களில் கனபேருடைய ரெலிபோனில் இணையம் இல்லாமல் வழி காட்டுகிற சில செயலிகளும் இந்த வரைபடத்தைத்தான் பாவிக்கின்றன.

கீறுகிறது லேசு. செய்மதிப் படத்தை விரித்து வைத்து, தெரிகிற பாதையின் மேல் கோடு இழுக்க வேண்டியதுதான். என்ரை தங்கச்சியின் மகனுக்கு ஒன்பது வயசு, அவனும் இழுப்பான். கஷ்டம் அதற்குப் பிறகு. கோடு இழுத்து முடிந்த உடனே கொம்பியூட்டர் ஒரு கேள்வி கேட்கும்: இது என்ன வகைப் பாதை? இந்தக் கேள்விக்குப் பிழையாகப் பதில் சொன்ன கதையைத்தான் இண்டைக்குச் சொல்ல வந்தனான்.

பெருந்தெருவிலிருந்து படிப்படியாக இறங்குகிற வகைகள் இருக்கின்றன. ட்றங்க், பிறைமறி, செக்கண்டறி, ரேஷறி. அதற்குக் கீழே 'அன்கிளாசிபைட்'. பிறகு வீட்டு வாசல்களுக்குப் போகும் 'றெசிடென்சியல்', வயலுக்கும் காட்டுக்கும் போகும் 'ட்றாக்', ஒற்றையடிப் பாதைக்கு 'பாத்'. எல்லாம் பிரித்தானியச் சொற்கள், அங்கை பிறந்த வேலை எண்டபடியால். இந்த 'அன்கிளாசிபைட்'தான் முதலில் என்னை விழுத்தினது. நான் அகராதிப்படி 'வகை தெரியாத றோட்டு' எண்டு விளங்கிக்கொண்டன். விசயம் அது இல்லை. இங்கிலாந்திலை அரசாங்கம் பெரிய வீதிகளுக்கு ஏ, பி எண்டு எழுத்துக் குடுத்தது. எழுத்துக் கிடைக்காத, ஆனால் ஊரை ஊரோடு இணைக்கிற சின்னப் பொது வீதிக்குத்தான் அந்தப் பெயர். எங்கடை நாட்டிலும் ஏ9, ஏ35 எண்டு வெள்ளைக்காரன் விட்டுப்போன அதே பழக்கம்தானே இருக்கு. ஏ, பி வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, சி, டி மாகாணத்தின் பொறுப்பு, மிச்சம் பிரதேச சபை. அந்த மிச்சத்துக்குள்ளைதான் எங்களில் முக்காவாசிப் பேருடைய ஊர் றோட்டு இருக்கிறது.

நான் கீறப் பழகினது இஞ்ச, வேலைக்குப் போற வழியில். எங்கடை தொழிற்சாலைக்குப் போக இரண்டு வழி. ஒன்று பெரிய வீதி. மற்றது சீனிக்கிழங்கு வயலுக்குள்ளால் போகும் பாதை, சைக்கிளில் அதாலைதான் போவேன். அந்தப் பாதையைப் பார்த்தால் எங்கடை ஆக்கள் மயங்கிப் போவினம். சும்மா மூன்று மீற்றர் அகலம், ஆனால் தார் போட்டு ஒரு கிடங்கு இல்லாமல் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் தொடக்கத்திலேயே சிவப்பு வட்டப் பலகை, அதற்குக் கீழே விவசாய வாகனங்களுக்கு மாத்திரம் அனுமதி எண்டு எழுதியிருக்கும். நான் அதை அழகான றோட்டு எண்டு 'அன்கிளாசிபைட்' எண்டு போட்டேன். இரண்டு நாளில் ஒரு ஜேர்மன்காரர் அதை 'ட்றாக்' எண்டு மாற்றிவிட்டு, மரியாதையாக ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: தார் இருந்தாலும் இது உழவு மிசின் போற வயல் பாதை, கார் போகேலாது.

அப்ப எனக்கு ரோசம் வந்தது எண்டதையும் சொல்லத்தான் வேணும். சரி, இவங்கடை தார் பாதையே 'ட்றாக்' எண்டால் எங்கடை மண் பாதையெல்லாம் என்ன எண்டு நினைத்துக்கொண்டு, 2017 குளிர்காலத்தில் ஊரைக் கீறத் தொடங்கினன்.

எங்கடை ஊர் விசுவமடுவுக்கும் உடையார்கட்டுக்கும் இடையிலை, ஏ35இலிருந்து தெற்கே உள்ளுக்குப் போகவேணும். அந்தப் பக்கத்து ஆக்கள் இஞ்ச இருக்கிறியள், தெரியும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் பெரிய வீதியிலிருந்து எங்கடை ஊருக்குப் போறது சிவப்புக் கிரவல் றோட்டு. பள்ளிக்கூடம், சங்கக் கடை, கோயில் எல்லாம் அதிலைதான். பஸ்சும் அதாலைதான் வரும். செய்மதிப் படத்தில் அது வளைந்து நெளிந்து, மர நிழலுக்குள் பாதி மறைந்து கிடந்தது. நான் அதை 'ட்றாக்' எண்டு போட்டன். அதற்குக் கிழக்கே குளத்திலிருந்து வாற வாய்க்கால் கட்டு. அது படத்தில் அடிமட்டம் வைத்துக் கீறின மாதிரி நேராக, கோடை வெயிலில் காய்ந்து வெள்ளையாகப் பளிச்செண்டு தெரிந்தது. அதை 'அன்கிளாசிபைட்' எண்டு போட்டன். சின்ன வயசில் அந்தக் கட்டிலை சைக்கிள் ஓடினவன் நான்! எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் படத்தைப் பார்க்கும்போது ஊர்க்காரன் கண்ணாலை பார்க்கவில்லை, இஞ்சத்தைக் கண்ணாலை பார்த்தன்.

அடுத்த வருசம், 2018 மார்கழி, ஊரிலை மாமி மோசம் போய்விட்டா. கொழும்பிலிருந்து சித்தப்பா, அவவின் கூடப்பிறந்த ஒரே தம்பி, வான் பிடித்து இரவோடிரவாக வெளிக்கிட்டார். சாரதி கொழும்புப் பெடியன், பாதை தெரியாது. சித்தப்பாவும் 1990க்குப் பிறகு அந்தப் பக்கம் போகாதவர். சாரதியின் ரெலிபோனில் இந்த வரைபடம்தான். பரந்தன் கழிந்து உள்ளுக்குத் திரும்பவேண்டிய இடத்தில், வழி காட்டுகிற செயலி 'ட்றாக்' எண்டு கிடந்த கிரவல் றோட்டை விலத்திவிட்டு, 'அன்கிளாசிபைட்' எண்டு கிடந்த வாய்க்கால் கட்டாலை போகச் சொன்னது. அது தன்ரை வேலையைச் சரியாகத்தான் செய்தது. பல செயலிகள் 'ட்றாக்' எண்டு கண்டால் கார் வாகனத்தை அதுக்குள்ளை விடாது, விட்டாலும் வேறை வழி இல்லையெண்டால்தான் விடும்.

மார்கழி மழை. கட்டு முழுக்கக் களி. வானின் பின்சில்லு இரண்டும் அச்சுவரைக்கும் புதைந்து போச்சுது. திரும்ப இடமில்லை, ஒரு பக்கம் வாய்க்கால், மற்றப் பக்கம் வயல். ஊர்ச்சனம் எல்லாம் செத்த வீட்டிலை. விடிந்து கனநேரத்துக்குப் பிறகுதான் ஒரு உழவு மிசின் வந்து இழுத்தெடுத்தது. சித்தப்பா சேற்றுக் காலோடை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாமியை எடுத்துவிட்டார்கள். மழை எண்டபடியால் வைத்திருக்க முடியவில்லையாம். அவர் அக்காவின் முகம் பார்க்கவில்லை.

அண்டிரவு எனக்குப் போன் எடுத்து இதைச் சொல்லும்போது அவர் ரெலிபோனைத்தான் திட்டினார். "உந்தச் சாமான் எங்களை வாய்க்காலுக்குள்ளை கொண்டுபோய் விட்டுட்டுது தம்பி." அதைக் கீறினது நான்தான் எண்டு எனக்கு வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டு வரைபடத்தைத் திறந்து பார்த்தன். கட்டின் கோட்டைத் தொட்டால், கடைசியாக மாற்றினவர் எண்டு என்ரை பெயர் நிற்கிறது.

நாலு மாசம் கழித்துச் சித்திரை வருசத்துக்குப் போன் எடுத்தபோதுதான் சொன்னன். அவர் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு, "அப்ப நீ அதைத் திருத்தினியோ?" எண்டார். திருத்தினேன் எண்டன். "மற்ற ஒழுங்கையள்?" எண்டார். அண்டைக்கு இரண்டு மணித்தியாலம் அவர் சொல்லச் சொல்ல நான் கீறினன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்படியே. தெரியாத இடத்துக்கு ஊரிலை உள்ள மச்சானிடம் கேட்டுச் சொல்லுவார்.

சித்தப்பாவுக்கு இந்த இங்கிலீசு வகைகள் ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் கேட்கிற கேள்வி எல்லாம் சரியான கேள்வி. "அதாலை ஆர் போறது? எங்கை போய் முடியுது?" தார் போட்டிருக்கோ எண்டு ஒருநாளும் முதலில் கேட்கவில்லை. இதே விசயத்தை ஆபிரிக்க நாடுகளில் கீறுகிற தன்னார்வக்காரர் தங்களுக்கு விதியாகவே எழுதி வைத்திருக்கினம். ஊரை ஊரோடு இணைக்கிறது மண் பாதையாக இருந்தாலும் அது 'ட்றாக்' இல்லை, வீதிதான். மண்ணோ, கிரவலோ, கொங்கிறீற்றோ, காப்பெற்றோ எண்டதை வேறையாக, மேற்பரப்பு எண்ட இடத்தில் எழுதவேணும். பாதை செய்கிற வேலை ஒன்று, பாதையின் உடம்பு இன்னொன்று. நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினதாலைதான் வான் தாண்டது.

வயல் பாதை, காட்டுப் பாதைகளுக்கு மட்டும் இன்னொரு அளவு உண்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஒன்று எண்டால் தார் அல்லது நல்லாய் இறுகின கல். ஐந்து எண்டால் வெறும் மண், கல்லே இல்லை. நடுவிலை உள்ளதைப் பிரிக்கிறதுதான் தலையிடி. சித்தப்பாவின் அடையாளம் ஒன்று எனக்கு நல்லா உதவினது: வண்டில் பாதை எண்டால் இரண்டு சில்லுத் தடத்துக்கும் நடுவிலை புல்லு நிற்கும். புல்லு எவ்வளவு உயரம் எண்டு கேட்டால் ஆள் போக்குவரத்தும் தெரிந்துவிடும். ஊரிலை இருக்கிற மச்சான் எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறது இப்ப புல்லுப் படங்கள்தான். மனிசி சிரிக்கிறாள்.

படத்திலை தெரியுது எண்டதுக்காகப் போகலாம் எண்டும் இல்லை. செய்மதிப் படம் பெரும்பாலும் முகில் இல்லாத கோடையில் எடுத்தது, மாரியைக் காட்டாது. பழைய படமாகவும் இருக்கலாம். காட்டுப் பக்கம் போகும் பாதைகளை, ஊரிலை இப்ப இருக்கிற ஆள் ஒருவரைக் கேட்காமல் நான் கீறுவதே இல்லை. ஏன் எண்டு இந்த மண்டபத்தில் இருக்கிற உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மற்றப் பக்கத்துப் பிழையும் உண்டு. சிலருக்குத் தங்கடை ஒழுங்கையைப் பெரிசாகக் காட்ட விருப்பம். ஒருவர் தன்ரை வீட்டுக் குச்சொழுங்கையைச் 'செக்கண்டறி' எண்டு போட்டிருந்தார், ஏ9க்குத் தம்பி முறை! ஊர்ப் பற்று நல்லதுதான், ஆனால் சீமெந்து லொறிக்காரன் அதை நம்பி உள்ளுக்கு வந்தால் வேலி மிஞ்சாது. இதுக்கு எங்கடை ஆக்களை மட்டும் குறை சொல்லேலாது, ஜேர்மன்காரரும் ஒரு வயல் பாதை ஒன்றோ இரண்டோ எண்டு வாரக் கணக்கில் சண்டை பிடிக்கினம்.

சரி, செயலாளர் அண்ணை மணிக்கூட்டைப் பார்க்கிறார். நான் சங்கத்திடம் ஒன்றே ஒன்று கேட்கிறன். தேத்தண்ணிக்குப் பிறகு, அந்த யன்னலோரத்து மேசையில் விசுவமடு, உடையார்கட்டு, தர்மபுரம் பக்கத்தைப் பெரிய தாளில் அடித்து விரித்து வைத்திருக்கிறன். பக்கத்திலை இரண்டு கொம்பியூட்டர். பிள்ளைகளுக்குக் கோடு இழுக்கத் தெரியும், ஆனால் ஒழுங்கைகளின் பெயர் தெரியாது. பெரியாக்களுக்குப் பெயர் தெரியும். ஆளுக்கொரு பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி வைத்துச் சொல்லுங்கோ. மற்ற ஊர்க்காரர் கோபிக்க வேண்டாம், அடுத்த முறை வடமராட்சி, தீவகம் எல்லாம் அடித்துக் கொண்டு வருவேன்.

எனக்கும் தெரியாத ஒன்று அந்தத் தாளில் சிவப்புப் பேனையாலை வட்டம் போட்டுக் கிடக்கு. குளத்து வான் பாயிற பக்கத்தாலை ஒரு பாதை தெற்கே போகுது. சித்தப்பாவுக்கும் நினைவில்லை, மச்சானும் அந்தப் பக்கம் போறதில்லையாம். மாரியிலை அதாலை வாகனம் போகுமோ, சைக்கிள்தான் போகுமோ? அந்தப் பக்கம் வயல் செய்த ஆரும் இருந்தால் என்னைக் காணாமல் போக வேண்டாம்.