ஹன்ழலா (ரழி) அவர்களின் அச்சமும் நம் பிள்ளைகளின் அச்சமும்

 

சென்ற நோன்பு விடுமுறையில் ஒரு வாலிபர் என்னைத் தேடி வந்தார். புத்தளம் மாவட்டத்துக் கிராமமொன்றில் தமிழ்மொழி மூலம் கற்று, உயர்தரப் பரீட்சையில் சிறப்பாகச் சித்தியெய்தி, இன்று மருத்துவ பீடத்தில் மூன்றாம் வருடத்தில் பயில்பவர். அவர் தெரிவானபோது ஊர்ச் சந்தியில் அவருடைய படத்துடன் பதாகை கட்டினார்கள். அத்தகைய பிள்ளை என்னிடம் கேட்டது ஒரு மார்க்கத் தீர்ப்பு.

"ஹஸரத், கொழும்பு மாவட்டத்தில் பிறந்திருந்தால் என்னுடைய இஸட் புள்ளிக்கு இந்த இடம் கிடைத்திருக்காது. மாவட்டக் கோட்டாவினால் வந்தவன் நான். இன்னொருவருடைய இடத்தைப் பறித்த பாவம் எனக்கு உண்டா?"

நான் உடனே பதில் கூறவில்லை. இதுவரை எழுதிய பரீட்சைகள் எப்படி என்று கேட்டேன். எல்லாவற்றிலும் முதல் தடவையிலேயே சித்தி என்றார். அதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "படித்த கேள்விகளே வந்துவிட்டன, அதனால்தான்" என்றார். வாட்டில் பெரிய வைத்தியர் கேள்வி கேட்கும்போது விடை தெரிந்தாலும் வாய் திறப்பதில்லையாம். ஏன் என்றேன். "ஆங்கிலம் தடுமாறினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்" என்றார். என்ன தெரிந்துவிடும் என்றேன். சற்று நேரம் நிலத்தைப் பார்த்திருந்துவிட்டு, "நான் யார் என்பது" என்றார்.

அவர் கேட்ட தீர்ப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவையாகக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. புத்தளமும் அந்தப் பதினாறில் ஒன்று. ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் போதாத பாடசாலையில் கற்ற பிள்ளையையும், எல்லாம் நிறைந்த பாடசாலையில் கற்ற பிள்ளையையும் ஒரே கோலினால் அளக்கலாகாது என்ற எண்ணத்தில் எழுந்த ஏற்பாடு அது. அந்த விகிதங்கள் சரியா, தவறா என்று அறிஞர்கள் விவாதிக்கலாம். ஆனால் பகிரங்கமான விதியின்படி தனக்குரிய பங்கைப் பெற்றவன் திருடன் ஆகமாட்டான். தவிர, கோட்டா வாசல் வரையில்தான். உள்ளே நடைபெறும் பரீட்சைகளில் கொழும்புக்கொரு சித்திப் புள்ளி, புத்தளத்துக்கொரு சித்திப் புள்ளி என்று கிடையாது. மூன்று வருடங்களாக அவர் சித்தியடைந்து வருவது எல்லோருக்கும் பொதுவான பரீட்சையில்.

இதைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். ஆனால் அவர் மனம் ஆறவில்லை என்பதைக் கண்டேன். ஏனெனில் அவருடைய நோய் கணக்கில் இல்லை. கோட்டா இல்லாமல், தீவிலேயே முன்னணிப் பெறுபேற்றுடன் வந்திருந்தாலும் அந்த மனம் வேறொரு காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்திருக்கும்.

நேயர்களே, இந்த உணர்வுக்கு உளவியலில் ஒரு பெயருண்டு. 1978ஆம் ஆண்டில் போலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள், கல்வியிலும் தொழிலிலும் உயர்ந்த பெண்கள் 150க்கும் மேற்பட்டோரிடம் தாம் கண்டதை ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பட்டமும் பாராட்டும் பெற்றிருந்த அப்பெண்கள், தாம் உண்மையில் திறமையற்றவர்கள் என்றும், பிறரை எப்படியோ ஏமாற்றிவிட்டோம் என்றும், ஒருநாள் பிடிபடுவோம் என்றும் அஞ்சினார்கள். இது ஆண்களிடமும் உண்டென்று பின்னர் தெரியவந்தது. இன்று இதனை 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' என்கிறார்கள். போலி மனிதர் உணர்வு என்று நாம் சொல்லலாம். பெயர் நோயின் பெயர்போல் இருந்தாலும் மனநோய்ப் பட்டியலில் இது தனி நோயாக இடம்பெறவில்லை.

இதன் போக்கைக் கவனியுங்கள். ஒரு பரீட்சை வருகிறது. பயத்தினால் பிள்ளை தூக்கமின்றித் தேவைக்கு மேல் படிக்கிறது, அல்லது கடைசி இரவு வரை ஒத்திப்போடுகிறது. சித்தி கிடைக்கிறது. அளவுக்கு மீறிப் படித்த பிள்ளை, "இவ்வளவு பாடுபட்டதால்தான், மூளை இருந்தால் இவ்வளவு தேவையா?" என்கிறது. ஒத்திப்போட்ட பிள்ளை, "தற்செயல்" என்கிறது. இருவரிடத்திலும் வெற்றி உள்ளே சென்று தங்குவதில்லை. அடுத்த பரீட்சைக்கு அதே பயம் புதிதாக எழுந்துவிடுகிறது. நம் வழக்கில் இதற்கு மிக நெருங்கிய சொல் வஸ்வாஸ். வுழூச் செய்து முடித்தவன் கை நனைந்ததா என்று ஐயுற்று மீண்டும் மீண்டும் கழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அந்த ஐயம் தீராது. கழுவக் கழுவ வளரும்.

அந்த வாலிபருக்கு நான் எடுத்துச் சொன்னது ஹன்ழலா (ரழி) அவர்களின் சம்பவம். நபி (ஸல்) அவர்களின் எழுத்தாளர்களுள் ஒருவராக இருந்த அந்த ஸஹாபி, ஒருநாள் அபூபக்ர் (ரழி) அவர்களைச் சந்தித்தபோது, தாம் முனாஃபிக் ஆகிவிட்டதாகச் சொன்னார்கள். நபியவர்களின் சபையில் இருக்கும்போது சுவர்க்கமும் நரகமும் கண்ணெதிரே தோன்றுகின்றன. வீடு திரும்பி மனைவி மக்களுடனும் தோட்டந்துரவுடனும் கலந்ததும் அதிகமானவை மறந்துபோகின்றன. வெளியே ஒரு முகம், உள்ளே ஒரு முகம் என்றால் அது நயவஞ்சகம் அல்லவா என்பது அவர்களின் கலக்கம்.

அபூபக்ர் (ரழி) அவர்கள் என்ன செய்தார்கள்? உம்மத்தில் அவர்களைவிட உயர்ந்த படித்தரத்தில் யார் இருந்தார்? அவர்கள் நினைத்திருந்தால் ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். அல்லாஹ்வின் மீது ஆணையாகத் தமக்கும் அவ்வாறே நேர்வதாகச் சொன்னார்கள். பின்னர் இருவரும் சேர்ந்தே நபியவர்களிடம் சென்றார்கள். நபி (ஸல்) அவர்கள், அவர்கள் தமது சபையில் இருக்கும் அதே நிலையில் எப்போதும் இருப்பார்களாயின் மலக்குகள் படுக்கையிலும் பாதையிலும் வந்து முஸாபஹாச் செய்வார்கள் என்று கூறி, மனிதனுக்கு இந்த நேரம் ஒருவிதம், அந்த நேரம் ஒருவிதம் என்பதை மூன்று முறை எடுத்துரைத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது.

ஈமானைப் பற்றிய அச்சமும் பரீட்சையைப் பற்றிய அச்சமும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். முன்னையது பெரியது. ஆயினும் அச்சம் தீர்ந்த வழியைப் பாருங்கள். ஹன்ழலா (ரழி) அவர்கள் அதை மறைக்கவில்லை. தம்மிலும் மேலான ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னார்கள். அந்த மேலானவர் தம்முடைய உள்ளத்தையும் திறந்து காட்டினார். நம் பிள்ளைகளுக்கோ தம்முடைய உள்ளே இருக்கும் தடுமாற்றம் தெரிகிறது. அடுத்தவனுடைய வெளித்தோற்றம் மட்டுமே தெரிகிறது. இவ்விரண்டையும் ஒப்பிட்டால் எவர்தாம் தோற்காமல் இருப்பார்?

மறைக்காமல் நானும் ஒன்று சொல்கிறேன். பல வருடங்களாக இந்த ஒலிவாங்கியின் முன் அமர்கிறேன். சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம், இதைப் பேச நீ யார் என்று ஒரு குரல் எனக்குள்ளும் எழுவதுண்டு. இன்றும் எழுந்தது.

பணிவு என்ற பெயரில் இந்த நோயைப் போற்றுவோரும் நம்மிடையே உண்டு. "எல்லாம் அல்லாஹ்வின் அருள், நான் ஒன்றுமில்லை" என்று சொல்வது அழகான வார்த்தைதான். காரூன் தன் செல்வமெல்லாம் தன் அறிவினால் வந்ததென்று மார்தட்டி அழிந்ததைக் குர்ஆன் கூறுகிறது. ஆனால் அருளப்பட்ட திறமையை இல்லையென்று மறுப்பது பணிவு ஆகுமா? அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லும்போதே, ஏதோ ஒன்று தரப்பட்டிருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறோம். திருடிய பொருளுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. மூஸா (அலை) அவர்களைப் பாருங்கள். தம்மைவிட ஹாரூன் நாவன்மை மிக்கவர் என்று சொல்லி, அவரைத் துணைக்குக் கேட்டார்கள். குறையைச் சொன்னார்கள், உதவி கேட்டார்கள், பிர்அவ்னிடம் செல்லவும் செய்தார்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் சற்றுக் கடுமையாகப் பேசப் போகிறேன். இரண்டாம் வருடத்திலேயே பிள்ளையை "டொக்டர்" என்று அழைக்கிறீர்கள். கல்யாண வீடுகளில் முன்னே நிறுத்துகிறீர்கள். தம்பி தங்கையரிடம், "நானாவைப் பார்" என்கிறீர்கள். அந்தப் பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் அதை யாரிடம் சொல்லும்? பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் இக்கட்டானது. "பொம்புளப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு" என்று கேட்ட உறவினர்கள் வாசலில் காத்திருக்கிறார்கள். கஷ்டமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் திரும்பி வா என்பார்களோ என்றஞ்சி, அந்த மகள் தொலைபேசியில் "நல்லா இருக்கிறேன் உம்மா" என்றே சொல்லிக்கொண்டிருப்பாள். அவளிடம் புள்ளிகளை மட்டும் கேட்காதீர்கள். இந்த வாரம் எது விளங்கவில்லை என்று கேளுங்கள். நீங்கள் தவறிய ஒரு காரியத்தையும் சொல்லுங்கள், வாப்பாமாரே. பிள்ளைக்கு உறக்கமும் உணவும் குறைந்து, வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு வருமானால் பயானுடன் நிறுத்திவிடாதீர்கள். வைத்தியரை நாடுங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.

அந்த வாலிபருக்கு வருகிறேன். அவருடைய பீடத்திலேயே ஈற்றாண்டில் பயிலும், அவர் மிகவும் மதிக்கின்ற ஒரு நானாவிடம் இதைச் சொல்லும்படி கேட்டிருந்தேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் அழைப்பெடுத்தார். அந்த நானா சிரித்துவிட்டு, முதலாம் வருடத்தில் தான் விரிவுரை விளங்காமல் மலசலகூடத்துக்குள் போய் அழுத கதையைச் சொன்னாராம். பிறகு ஒருநாள் வாட்டில் கேள்வி வந்தபோது இவர் வாய் திறந்திருக்கிறார். பாதி விடை சரி, பாதி பிழை. பெரிய வைத்தியர் பிழையைத் திருத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாராம்.

"அவ்வளவுதான் ஹஸரத், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை" என்றார்.